ஒற்றைக் கால்கட்டு

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே முழங்கால் மூட்டைத் தவிர மற்ற எல்லாம் சொன்னபடி கேட்கிறது. உன் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, எக்ஸ்ரே அறையில் அந்தக் கனத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறாயா என்பதை முதல் வரியிலேயே எழுது.

போனில் பேசலாமே என்று இனிமேல் கேட்காதே. நீ "நல்லா இருக்கேன்" என்றால் எனக்கு "நெல்லு இருக்கு" என்று கேட்கிறது. போதாததற்கு உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்" என்று குடைகிறாள். கடிதமென்றால் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம். என்னை மூன்றாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார் என் அப்பா. அன்றைக்குக் கரும்பலகையில் பாதி எழுதியிருந்த கணக்கு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. அதற்காக மன்னித்துவிட முடியுமா?

எதிர்வீட்டுத் தையல்காரி நேற்று படியில் வைத்துக் கேட்டாள்: "உங்க பேத்திக்கு இன்னும் ஒண்ணும் அமையலையாம்மா?" "உன் தையலாவது ஒழுங்கா அமையட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். உனக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன். வயது ஏறிக்கொண்டே போகிறது. உன்னுடையதைச் சொன்னேன்.

பதில் போடு. உன் பதிலுக்காக வாசலைப் பார்க்கும் பாட்டி.


மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

நன்றாக இருக்கிறேன். தூங்குகிறேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். உங்கள் மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிடாமல் தடவிக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி. அம்மாவிடம் சொல்லக் கூடாது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகிறேன். என் மாடி அறைக்குக் கீழே பூட்டு, சாவி செய்கிற கடை இருக்கிறதே, அந்தப் பூட்டுக்காரர்தான் கூட்டிப் போகிறார். அம்மாவைவிட மூத்தவர். சர்ஃப் ஸ்கி என்று ஒரு படகு. ஆறு மீட்டர் நீளம், அகலம் என் இடுப்புக்குச் சரியாக. உள்ளே இறங்க இடமில்லை. மேலேயே ஒரு பள்ளம். அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு துடுப்புப் போட வேண்டும். காற்று நன்றாக அடிக்கிற நாளில் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனால், அலை நம்மைத் தூக்கி முன்னால் எறியும். அது இறங்குவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிட வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் எலும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

கால்கட்டைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். எனக்குக் கால்கட்டுப் போட்டாகிவிட்டது! பூட்டுக்காரர் தன் கையாலேயே போட்டுவிட்டார். அது இல்லாமல் என்னைத் தண்ணீரில் கால் வைக்க விடமாட்டார்.

அன்புடன், உங்கள் வாலு.

(வணக்கம் அம்மா. பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படிக்கு, பூட்டு.)


மார்ச் 27

வாலுக்கு,

நான் சுகமாக இல்லை. நீ சுகமாக இருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. கால்கட்டுப் போட்டாகிவிட்டதா? யாரைக் கேட்டுப் போட்டாய்? உன் அம்மாவைவிட மூத்தவனா? பெற்றவளுக்குத் தெரியாது, வளர்த்தவளுக்குக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. அதுவும் சிரித்துக்கொண்டு! கீழே அந்த ஆள் வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறான். "பார்த்துக்கொள்கிறேன்." பார்த்துக்கொள்கிறானாம்! எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. இந்த வரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "லெட்டர்ல என்ன?" என்று கேட்டாள். "தைலம்" என்றேன்.

இத்தனை நாள் நீ என்ன கேட்டாலும் தலையாட்டியிருக்கிறேன். இதற்கு ஆட்ட மாட்டேன். அந்தக் கட்டை அறுத்தெறி. அறுத்தெறிந்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

பாட்டி.


ஏப்ரல் 8

என் கோபக்காரப் பாட்டிக்கு,

நீங்கள் எழுதாதே என்றதால் ஓடிவந்து எழுதுகிறேன். முதலில் தண்ணீர் குடியுங்கள். குடித்தாயிற்றா? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பூட்டுக்காரருக்கும் ஆகவில்லை. அதாவது ஒரு தடவை ஆகி, அந்த அம்மா போய்விட்டார். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "ஐயையோ, நான் என்ன பாவம் பண்ணினேன்! அந்தம்மா இங்க வந்தா நான் எந்தப் பூட்டுக்குள்ள ஒளிவேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் சொன்ன கால்கட்டு ஒரு கயிறு. கடையில் லீஷ் என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் அதைக் கால்கட்டு என்றுதான் சொல்வோம். போன் கம்பி மாதிரி சுருள் சுருளாக இருக்கும். ஒரு முனை முழங்காலுக்குக் கீழே ஒட்டுப்பட்டையால் சுற்றியிருக்கும், இன்னொரு முனை படகில். காற்றில் கவிழ்ந்தால் படகு நிற்காது பாட்டி. காலிப் பை தெருவில் பறக்குமே, அப்படிப் போய்விடும். எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனாலும் பிடிக்க முடியாது. வெள்ளை வெள்ளையாக அலை உடையும்போது ஒரு தலை யார் கண்ணிலும் படாது. ஆறு மீட்டர் படகு படும். அதனால் படகை விடாமல் இருப்பதுதான் உயிர்.

இன்னொரு சட்டமும் உண்டு. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் படகு ஆடும், சில சமயம் விழுந்தே விடுவோம். ஆனாலும் திரும்ப வேண்டும்.

போதுமா? சிரித்துவிட்டீர்களா?

உங்கள் கல்யாணமாகாத வாலு.


ஏப்ரல் 17

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். தண்ணீர் குடித்தேன். சிரிக்கவில்லை.

கயிற்றைக் கயிறு என்று எழுத வேண்டியதுதானே? அதற்கு ஒரு வார்த்தை, அதில் ஒரு வேடிக்கை. நான் அறுத்தெறி என்றது அந்தக் கட்டை இல்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். நான் எழுதிய காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. கிழித்தேன் என்று எழுது. வாயிலிருந்து போனதுகூடக் காற்றோடு போய்விடும், எழுதியது இருக்கும்.

கடலுக்குப் போகாதே என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய். உன் அம்மாவிடம் சொல்லித் தடுக்கலாம். அப்புறம் நீ எனக்கு எழுதுவதை நிறுத்திவிடுவாய். அதனால் சொல்லவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் வேண்டும். உன்னிடம் எத்தனை கால்கட்டு இருக்கிறது? அந்த ஆளும் கட்டுகிறானா? அறுந்தால் என்ன செய்வாய்? ஒவ்வொரு கடிதத்திலும் "கட்டாமல் இறங்கவில்லை" என்று ஒரு வரி எழுது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிப்பேன்.

அந்த ஆளின் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கல்யாணம் பண்ணாவிட்டாலும் உன்னைக் கடலில் இறக்கியது அவன்தான்.

வாசலைப் பார்க்கும் பாட்டி.


மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். கட்டாமல் இறங்கவில்லை. பார்த்துவிட்டீர்களா? இனி மற்றதைப் படியுங்கள்.

என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது கப்பலில் வருகிறது, மழைக்காலம் பிறந்துதான் கைக்குக் கிடைக்கும் என்றார் கடைக்காரர். பூட்டுக்காரரும் கட்டுகிறார். அவருடையது பழையது. வெயிலில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. "மாத்துங்க அண்ணே" என்றால், "என்னை மாதிரிதான் இருக்கு, ஆனா பிடிச்சா விடாது" என்கிறார். அவருக்குத் தோள் வேறு சரியில்லை. போன மாதம் ஒரு தடவை நழுவி, நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன்.

காற்றுக்காலம் வந்துவிட்டது. இரண்டு நாளாக மாடிக் கதவு தானாக அடித்துக்கொள்கிறது. தெருவில் குடை பிடிக்க முடியவில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து துறைமுகச் சுவர்வரை இந்த வருஷத்தில் ஒரு நாளாவது போக வேண்டும் என்று நானும் அவரும் காத்திருந்தோம். இந்த ஞாயிறு அந்தக் காற்று வருகிறது. வார நாளில் வந்தால் எனக்கு விடுப்புக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வருகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்! வேலை ஓடவில்லை. இன்றைக்கு ஒருவரின் வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலை எடுத்துவிட்டேன்.

போய்வந்து எழுதுகிறேன். அன்புடன், வாலு.


ஜூன் 24

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? நான் நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. மருத்துவமனையில் வேலை அதிகம். காற்று நின்றுவிட்டது. மழை தொடங்கிவிட்டது. அம்மா அனுப்பிய போர்வை வந்தது, சூடாக இருக்கிறது. மூட்டு எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன், வாலு.


ஜூலை 1

பூட்டுக்கடை வைத்திருக்கும் தம்பிக்கு,

வாலுவின் பாட்டி எழுதுவது. உங்கள் சுகத்தை விசாரிக்கும் எண்ணத்தில் எழுதவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: உயிரோடு இருக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய காற்றில் போகிறோம், போய்வந்து எழுதுகிறேன் என்று எழுதினாள். மே மாதம் முடிந்தது, ஜூனும் முடியப் போனது. அப்புறம் ஒரு கடிதம் வந்தது. அதில் போர்வை இருக்கிறது, மழை இருக்கிறது, தைலம் இருக்கிறது. கடல் இல்லை. நீங்கள் இல்லை. இதுவரை நீங்கள் வாயைத் திறந்தால்கூட எனக்கு எழுதிவிடுவாள். "கட்டாமல் இறங்கவில்லை" என்ற வரியும் இல்லை. நான் படிக்காதவள். ஆனால் ஒரு காகிதத்தில் என்ன இல்லை என்று பார்க்கப் படிப்பு வேண்டாம்.

அவளைக் கேட்டால் "ஒண்ணுமில்ல பாட்டி" என்பாள். சின்ன வயதில் கையை உடைத்துக்கொண்டு வந்து சாயங்காலம்வரை "ஒண்ணுமில்ல" என்று சொன்னவள் அவள்.

"பார்த்துக்கொள்கிறேன்" என்று எனக்கு எழுதிக் கொடுத்தது நீங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? பதில் வராவிட்டால் மூட்டு எப்படி இருந்தாலும் நான் அங்கே வந்து உங்கள் கடை வாசலில் உட்காருவேன்.

வாலுவின் பாட்டி.


ஜூலை 10

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். தோளில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுவதால் எழுத்து முன்னைவிட மோசமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் உடல்நலம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அவள் சொல்லாததை நான் சொல்வது சரியா என்று தெரியவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் சொல்கிறேன்.

கலங்கரை விளக்கத்தடியில் இறங்கும்போது என் கால்கட்டின் ஒட்டுப்பட்டை இழுத்த கையோடு கிழிந்துவிட்டது. பழசு, தப்பு என்னுடையது. "சரி, கிளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றேன். உங்கள் பேத்தி, "எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு அண்ணே, இதை நீங்க கட்டிக்குங்க" என்று தன் காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். மாற்றுக் கயிறு பையில் இருப்பதாகச் சொல்லி வண்டிக்கு ஓடினாள். நான் படகைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். அவள் வந்து ஏறினாள். போனோம்.

அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. பாதி வழியில் அவள் எனக்கு முன்னால் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தோள் நழுவியது. கவிழ்ந்தேன். துடுப்புப் போய்விட்டது. ஒரு கையால் மேலே ஏற முடியவில்லை. படகு துள்ளித் துள்ளி ஓடப் பார்த்தது. கால்கட்டு இழுத்துப் பிடித்தது. மிதவைச் சட்டையில் இருந்த விசிலை எடுத்து ஊதினேன். ஊதி ஊதி உதடு வெடித்துவிட்டது. காற்று அவள் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. பாவம், அவள் என்ன செய்வாள்.

துறைமுகத்தில் என்னைக் காணாமல் அவள்தான் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். இருட்டுகிற நேரத்தில் ஒரு மீன்பிடிப் படகு என் படகைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை, படகைத்தான் பார்த்தது. அந்தக் கயிறு இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து போய்விடுகிறாள். கடைப் பக்கமே வருவதில்லை. படியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

பணிவுடன், பூட்டு.


ஜூலை 18

வாலு,

நான் நலம். பூட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன், எல்லாம் எழுதினார். அவர் மேல் பாயாதே, நான்தான் மிரட்டினேன்.

மாற்றுக் கால்கட்டு பையில் இருந்ததாம். அவர் நம்பிவிட்டார், ஏனென்றால் உன் கடிதங்கள் அவருக்கு வருவதில்லை. எனக்கு வருகின்றன. மே மாதம் இருபதாம் தேதி நீ எழுதினாய்: "என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது." இன்னொன்று கப்பலில், மழைக்காலத்தில்தான் வரும். அன்றைக்கு மழை வரவில்லை. கப்பலும் வரவில்லை. அப்படியானால் நீ வண்டிக்கு ஓடிப்போய் எதை எடுத்தாய்?

வெறுங்காலோடு போயிருக்கிறாய். அந்தக் காற்றில்.  

உன் அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். உன்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் அதுமட்டும் இல்லை. கயிறு கொடுத்தவள் எதற்காக ஒளிந்துகொள்ள வேண்டும்? ஒருவர் உயிர் பிழைத்தால் நாம் அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். நீ படியில் இறங்கிக் கடைப் பக்கம் திரும்பாமல் போகிறாய். இன்னும் ஏதோ இருக்கிறது. எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் "எழுத மாட்டேன்" என்றாவது எழுது. "ஒண்ணுமில்ல" என்று மட்டும் எழுதாதே.

பாட்டி.


ஜூலை 29

பாட்டி,

வண்டிக்கு ஓடிப்போய்ப் பையைத் திறந்து மூடினேன். அவ்வளவுதான். ஒன்றும் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் படகைத் திருப்பி வண்டியில் ஏற்றிவிடுவார். அந்தக் காற்று போய்விடும். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. அவருக்கு நல்லது செய்ததாக அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் அவருக்காகக் கொடுக்கவில்லை பாட்டி. போக வேண்டும் என்பதற்காகக் கொடுத்தேன்.

முதல் பத்து அலை பறந்தேன். அப்புறம் பக்கவாட்டில் ஒன்று அடித்தது, படகு சாய்ந்தது, எப்படியோ நிமிர்ந்தேன். அப்போதுதான் உறைத்தது: விழுந்தால் அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. திரும்பினால் விழுவேன். படகின் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். துறைமுகச் சுவர் வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு காலில் இருந்திருந்தால் பார்த்திருப்பேன், விழுந்திருந்தாலும் ஏறியிருப்பேன்.

பாதி வழியில் விசில் கேட்டது. நீளமாக. நின்று, மறுபடியும். காற்றுதான் ஏதாவது ஓட்டையில் ஊதுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டேன். என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுக்கத் துடுப்பை விட வேண்டும். விடவில்லை. அவர் தண்ணீரில் கிடந்த நேரத்தில் பாதியாவது என்னால்தான்.

இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். இப்போது இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 2

இதை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்று கடைக்குப் போனேன்.

பூட்டுக்காரர் ஒற்றைக் கையால் ஒரு பெட்டிப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். "வா வா, வழி தெரிஞ்சுதா?" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பையில் ஒன்றும் இல்லை என்றதும் கையில் இருந்த பூட்டை மேஜையில் அடித்தார். வாசலில் நின்ற வாடிக்கையாளர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"வெறுங்கால்லயா வந்தே? என்னைக் கேனப்பயன்னு நெனச்சியா? நீ விழுந்திருந்தா உன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? பொய் சொல்றவளோட நான் கடல்ல இறங்க மாட்டேன். இந்த வருஷம் என் பின்னால வராதே, போ!"

போகவில்லை. விசிலையும் சொன்னேன். கேட்டது, மூன்று தடவை கேட்டது, கேட்டும் போனேன் என்று.

அவர் பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  அப்புறம், "விசிலா? நான் எங்கேம்மா ஊதினேன்?" என்றார். "ஒரு கைதான் இருந்துச்சு, அது படகைப் பிடிச்சிருந்துச்சு. விசிலை எடுக்கவே இல்ல. காத்துதான். துடுப்புத் தண்டுல ஓட்டை இருந்தா அப்படித்தான் ஊதும், எனக்கும் கேட்டிருக்கு. போ, போய் வேலையைப் பாரு."

நான் அறைக்கு வந்து அப்படியே தூங்கிவிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. ஆனால் காலையில் எழுந்ததும் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு கோபத்தில் இருந்தவர் குரலை ஏன் அப்படித் தாழ்த்தினார்?

பாட்டி, அவர் உங்களுக்கு அந்த நாளைப் பற்றி எழுதினாரே, அதில் விசில் என்று ஏதாவது இருந்ததா? உங்களுக்கு ஒரு எழுத்துக்கூட மறக்காது. இருந்தால் இருந்தது என்று எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நம்புகிறேன்.

உங்கள் வாலு.


ஆகஸ்ட் 14

அன்புள்ள வாலுக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. மூட்டு பரவாயில்லை. உன் தைலம் பாதி தீர்ந்தது. நீ தூங்கியது நல்லது. இன்னும் தூங்கு.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே எழுதவில்லை. கண் சரியில்லை.

வெறுங்காலோடு போனதற்கு உன்னைத் திட்ட வேண்டும். பூட்டுக்காரர் திட்டிவிட்டார், அதுவே போதும். அவர் கடலுக்குக் கூட்டிப் போக மாட்டேன் என்றது சரி. அவர் கோபம் தீரும்வரை போகாதே. தீர்ந்ததும் அவரே கூப்பிடுவார். அவர் நல்ல மனிதர். இதை நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

நேற்று உன் சின்னப் பாட்டி வந்தாள். என் தங்கைதான், வேறு யார்! அவளுக்கும் எனக்கும் என்ன சண்டை என்று சின்ன வயதில் நீ நச்சரித்துக்கொண்டே இருப்பாய். உன் தாத்தா போன அன்றைக்கு அவள் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை, அவள் கட்டியிருந்த புடவையின் கரை முதற்கொண்டு உனக்கு ஒப்பித்திருக்கிறேன். நேற்று அவள் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, இன்னும் அதையே வச்சிட்டு இருக்கியா?" என்றாள். "எதை?" என்றேன். "அன்னைக்குச் சொன்னதை." நான் யோசித்தேன். "என்ன சொன்னே? ஞாபகம் இல்லையேடி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உன் அம்மா சமையலறையில் டம்ளரைக் கீழே போட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு காபி குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். உன் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்கிறாள். வேண்டுமானால் அவளைப் போனில் கேட்டுப் பார்.

அதனால்தான் சொல்கிறேன். பூட்டுக்காரர் என்ன எழுதினார் என்று கேட்டிருந்தாய். காற்று என்று எழுதியிருந்தார், தோள் என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் நினைவில் இல்லை. கடிதத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று தேடினேன். அடுப்பில் பழைய காகிதம் போட்டபோது அதுவும் போயிருக்கும். அவர் ஊதவில்லை என்கிறார். ஊதியிருந்தால் ஊதியவருக்குத்தானே தெரியும்?

இனி எனக்கு எழுதும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுது. போன கடிதத்தில் சொன்னேனே என்று விட்டுவிடாதே. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் நிற்பதில்லை.

உன் பாட்டி.